நெய்தலுக்குப் பருவம் உண்டோ?

கல்விச் சுற்றுலா என்ற பேச்சு எழுந்தவுடன் நம் மாணவர் நாவில் முதற்கண் வருவன உதகையும் கோடைக்கானலுமே. தைத் திங்களில் பழவேற்காட்டுக் கடலோரம் நடந்து வருவோம் என்று நாம் துறைக் கூட்டத்தில் உரைத்தபோது, "இது சீசன் இல்லையே, ஐயா!" என்று வியந்தார் ஒரு மாணவர். அவ்வொரு சொல்லே இக்கட்டுரைக்குக் காரணம்.

குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், முல்லைக்குக் காரும் எனப் பெரும்பொழுது வகுத்த அகப்பொருள் இலக்கணம், நெய்தலுக்கு ஒன்றைப் பிரித்துக் கொடுக்கவில்லை. மருதத்தைப் போலவே நெய்தலுக்கும் ஆறு பெரும்பொழுதும் உரியன என்றனர் பின்வந்த இலக்கணிகள். தேர்வுத் தாளில் ஆண்டுதோறும் இதனை எழுதுகிறோம். அதன் பொருளை எண்ணுவதில்லை. கடல்மேற் செல்வோனுக்குப் பனியென்றும் வெயிலென்றும் ஓய்வில்லை. பருவம் தவறியது என்பது வேடிக்கை பார்க்க வருவோர் கணக்கு.

மனத்துள்ளே கோயில் எழுப்பிய பூசலார் வாழ்ந்த திருநின்றவூரில் குடியிருப்பதாலோ என்னவோ, பயணங்களையும் மனத்துள்ளேயே முடித்துக்கொள்ளும் வழக்கம் நமக்கு உண்டு. அவ்வழக்கத்தைச் சென்ற தைத் திங்களில், ஒரு வார நாளில் உடைத்தோம். விடியலில் மின்தொடர் வண்டி ஏறி, பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தோம். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. பாலங்கடந்து கலங்கரை விளக்கத்தை அடைந்து, வலப்புறம் கடலும் இடப்புறம் ஏரியுமாக வடக்கே முகத்துவாரம் நோக்கி நடந்தோம். ஆழமற்ற நீரில் பூநாரைகள் தலைகவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி இருளர் பெண்டிர் இடுப்பளவு நீரில் அமர்ந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். அக்குளிரில் நாம் மேலாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டது நமக்கே நாணத்தைத் தந்தது.

அவ்வேரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என மீனவர் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது அது. உழைப்பையும் துன்பத்தையும் சுட்டுகின்ற சொல் அங்கே உரிமையையும் சுட்டுவதை எந்த அகராதியைப் புரட்டியும் நம்மால் இவ்வளவு தெளிவாக உணர்ந்திருக்க முடியாது.

ஊருக்குள் திரும்பினால் 1613-இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கெல்டிரியாக் கோட்டையின் சிதைவும், வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும் அவர்தம் கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. துணியும் ஏறிய துறை. அடிமைகளாக மனிதரும் ஏற்றப்பட்ட துறை. நம் இல்லங்களில் உடுத்தும் கட்டம்போட்ட கைலியை மலாய் மக்கள் 'கைன் பெலேகாட்' என்பர். பெலேகாட் என்பது பழவேற்காடே! இடுப்பில் கட்டியிருக்கும் ஊரை நம் பிள்ளைகள் கண்ணால் கண்டதில்லை.

பெரியோர் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொருளற்றதன்று. 2011 டிசம்பர் 25 அன்று அங்கே உல்லாசப் பயணம் வந்தோரின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். ஆதலின் நாம் கேட்பது நடைப்பயணம். படகில் ஒருவரும் கால் வைத்தலாகாது. நீரோட்டம் மிகுந்த முகத்துவாரத்தில் ஒருவரும் இறங்கலாகாது. புயல் எச்சரிக்கை நாளிலும், கூட்டம் அலைமோதும் காணும் பொங்கலன்றும் செல்லலாகாது. இவற்றுக்கு ஆசிரியராகிய நாமே பொறுப்பேற்போம். ஒரு விபத்தைக் காட்டிக் கடற்கரையையே விலக்கிவிடுவது, கிணற்றில் ஒருவர் விழுந்தார் என்று ஊரே தண்ணீர் குடியாதிருப்பதை ஒக்கும்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். உதகைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்ட இயலாமல், "வீட்டில் திருமணம்" என்று பொய் சொல்லி நின்றுவிட்ட மாணவரை நாம் அறிவோம். அவ்வாண்டு அவர் வீட்டில் திருமணம் எதுவும் நடக்கவில்லை. இரவு தங்க வேண்டும் என்பதனாலேயே அனுப்பப்படாத மாணவியர் ஆண்டுதோறும் உளர். பழவேற்காட்டுக்கு ஆகும் செலவு இரயில், பேருந்துக் கட்டணமும் கட்டுச்சோறும் மட்டுமே. மக்ரிபுக்கு முன் புறப்பட்டால் இரவு உணவுக்குள் பிள்ளைகள் வீடு சேரலாம்.

வரும் தையில், காணும் பொங்கல் கழிந்த மறுவாரம், ஒரு வார நாளை ஒதுக்கித் தருமாறு துறைத் தலைவரிடம் விண்ணப்பம் அளித்துள்ளோம். வருவோர் குடிநீர் கொண்டுவருக. வெறுங்காலோடு நடக்க வேண்டா. கரையெங்கும் சிப்பி ஓடுகள் கிடக்கின்றன.