பாதை இல்லாத இடம்னு எதுவும் இல்லீங்க

ஆஃப் ரோடுன்னு ஒரு வார்த்தை சொல்றீங்க. ரோடே இல்லாத இடத்துல வண்டி ஓட்டறது. எங்க ஊர்ல அப்படி ஒரு இடத்தை எனக்குக் காட்டுங்க பார்க்கலாம். தார் ரோடு முடியிற எடத்துல மாட்டுவண்டிப் பாதை ஆரம்பிக்குது. அது முடிஞ்சா ஆட்டுத்தடம், அப்புறம் வரப்பு, அதைத் தாண்டினா ஏரிக்குத் தண்ணி வர்ற வரத்துக்கால், அதுக்கும் அந்தாண்ட ஏரி. ஒவ்வொண்ணுலயும் தெனமும் யாரோ ஒருத்தர் நடக்கறாங்க. உங்க ஜீப்புக்கு அங்க ரோடு தெரியலைங்கறதால அது சும்மா கெடக்குற எடம்னு ஆயிடாது.

எங்க ஊரு திருவண்ணாமலை மாவட்டம். சென்னையில இருந்தும் பெங்களூர்ல இருந்தும் காலையில கெளம்பினா மதியத்துக்குள்ள வந்துடலாம். அதுதான் எங்களுக்கு வந்த வினை. கோடை லீவு விட்டா சனி ஞாயிறுல நாலஞ்சு தார் ஜீப்பு, ஒண்ணு ரெண்டு ஜிம்னி. அப்பா ஓட்டுவார், பக்கத்துல பையனோ பொண்ணோ செல்போன்ல படம் புடிக்கும். கொஞ்ச நேரத்துல புள்ளை அப்பா மடியில ஏறி ஸ்டீயரிங்கைப் புடிச்சிக்கும். கேட்டா, "புள்ளைங்களுக்கு இயற்கையைக் காட்டறோம், போனை விட்டு வெளியே கொண்டு வர்றோம்"னு பதில்.

அதுல பாதி நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அப்பனும் புள்ளையும் சேர்ந்து ஒரு வண்டியைப் பழகறதுல இருக்கற சந்தோஷம் எனக்கும் தெரியும். கேஜ் வீல் மாட்டி சேடை ஓட்டறதைவிட பெரிய ஆஃப் ரோடு என்ன இருக்கு? முழங்கால் அளவு சேறு, பின்சக்கரம் பொதைஞ்சா முன்பக்கம் தூக்கும். அந்த நேரத்துல பயந்து ஆக்சிலேட்டரைத் திருகினா டிராக்டர் பின்பக்கமா கவுந்து ஆளையே அமுக்கிடும். கிளட்சை மிதிக்கணும். இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்க முடியாது, கூட ஒருத்தர் நின்னு சொல்லணும். என் பொண்ணு லைசென்ஸ் எடுத்தப்புறம் நான்தான் கத்துக் குடுத்தேன். ஆனா மொத நாள் சாவியைக் குடுக்கல. கழனியைச் சுத்தி நடந்துட்டு வான்னேன். எங்க உளை இருக்கு, எந்த மூலையில கெணத்து ஓரம் சரியுது, நாத்தங்கால் எது, பைப்லைன் எந்தப் பக்கம் போகுது, இதெல்லாம் கால்ல தெரிஞ்சப்புறம்தான் சீட்டுல ஏற விட்டேன். ஜீப்பு ஓட்டறதுல நல்ல கைக்காரங்களும் அப்படித்தானாம். எறங்கி, தடத்தை நடந்து பார்த்துட்டுத்தான் ஏறுவாங்களாம். எங்க ஏரிக்கு வந்தவங்கள்ல ஒருத்தர்கூட எறங்கி நடந்து நான் பார்த்ததில்லை.

நடந்திருந்தா ஆட்காட்டிக் குருவி முட்டையைப் பார்த்திருப்பாங்க. அது கூடு கட்டாது. வெறுந்தரையில, கூழாங்கல்லு நடுவுல நாலு முட்டை வைக்கும். முட்டையும் கல்லு நெறம்தான், ரெண்டடி தூரத்துல நின்னாலும் தெரியாது. அது முட்டை வைக்கறது பங்குனியில இருந்து ஆடி வரைக்கும். உங்க பள்ளிக்கூட லீவும் அதுக்குள்ளதான் வருது. ஏரி காஞ்சு, பார்க்கறதுக்கு மைதானம் மாதிரி இருக்கற மாசம். தலைக்கு மேல ஒரு குருவி கத்திக்கிட்டே சுத்துதுன்னா அது உங்களை வரவேற்கலைங்க. "இயற்கையைக் காட்ட" வந்த அப்பா அது முட்டை மேல டயரை ஏத்திட்டு, அதே குருவியைப் படம் புடிச்சுட்டுப் போறார்.

குருவியை விடுங்க, அதுக்கு ஓட்டு இல்லை. கரையைப் பத்திச் சொல்றேன்.

தமிழ்நாட்டுல சுமார் 39,000 ஏரி குளம் இருக்கு. பெரும்பாலானதுக்கு மண்ணுதான் கரை. மண் கரையோட உசுரு அதோட மேல்மட்டத்துல இருக்கு. ஒரு எடத்துல ஒரு அடி பள்ளம் ஆனாலும், ஏரி ரொம்பற அன்னிக்கு அலைத்தண்ணி அந்தப் பள்ளத்தைத்தான் தேடி வரும். ஒன்றேமுக்கால் டன் வண்டி கரையில நேரா ஏறி நேரா எறங்கினா என்ன ஆகும்? மொத தடவை புல்லு போகும். ரெண்டாவது தடவை மண்ணு வழியும். பத்து தடவை ஏறினா அது ஓடை. போன வருஷம் வைகாசியில ஒரு கூட்டம் வந்து, கலங்கல்ல இருந்து அம்பது அடி தள்ளி அப்படி ஒரு தடம் போட்டுட்டுப் போச்சு. ஐப்பசி மழையில மொதல்ல தண்ணி கசிஞ்சது அங்கதான். ராத்திரி பன்னண்டு மணிக்கு உர மூட்டைப் பையில மணல் ரொப்பி அடுக்கினோம், பொம்பளைங்க உட்பட முப்பது பேரு. கரைக்குக் கீழ அப்போ நெல்லு பொதி கட்டற பருவம். உடைஞ்சிருந்தா ஊரே அந்தப் போகத்தை விட்டிருக்கும். அடுத்த கார்த்திகைக்கு வட்டி கட்டறது யாரு? அந்தப் புள்ளைங்களுக்கு அன்னிக்கு எடுத்த வீடியோ மட்டும்தான் தெரியும். தடத்துக்கு அப்புறம் நடந்ததை எந்த அப்பாவும் சொல்லித் தரலை.

ஈர வண்டல்ல ஓட்டறது இன்னும் மோசம். அமுங்கின தடம் காஞ்சதும் கருங்கல்லு மாதிரி ஆயிடும், புல்லு மொளைக்காது. மேய வர்ற மாடு அந்தக் குழியில கால் விட்டு நொண்டுது. "நீங்க டிராக்டர் ஓட்டறீங்களே"ன்னு ஒரு தம்பி என்கிட்டயே வாதாடினார். நான் ஓட்டறது என் கழனியில, தம்பி. ஓட்டினா அங்க நெல்லு வரும். கெட்டாலும் என் சோறுதான் கெடும்.

சட்டம் வேற இருக்கு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க. பதினெட்டு வயசு ஆகாத புள்ளை வண்டி ஓட்டிக் குத்தம் நடந்தா பெத்தவங்களுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயிலு, 25,000 ரூபா அபராதம், வண்டியோட பதிவு 12 மாசத்துக்கு ரத்து. மடியில உக்கார வெச்சு ஓட்ட விடற அப்பாக்கள் இதைப் படிக்கணும். டிராக்டர் மட்கார்டுல சின்னப் பசங்களை உக்கார வெச்சுட்டுப் போற எங்க ஊரு ஆளுங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன். ரொட்டவேட்டர் ஓடிட்டு இருக்கறப்போ ஒரு புள்ளை வழுக்கினா அப்புறம் அழுது புண்ணியம் இல்லை.

பொண்ணு ஒரு விஷயம் சொல்லுச்சு. அமெரிக்காவுல 1985-லயே அவங்க வனத்துறை 'ட்ரெட் லைட்லி'ன்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்களாம். மெதுவா மிதின்னு அர்த்தம். போட்ட தடத்தை விட்டு வெலகாதே, ஈர மண்ணுல ஏறாதேன்னு ஜீப்பு ஓட்டறவங்களுக்கே சொல்லித் தர்றதாம். ஜீப்பையும் டயரையும் அந்த ஊரு மாதிரியே வாங்கத் தெரிஞ்ச நமக்கு இது மட்டும் கண்ணுல படலை பாருங்க.

ஓட்டவே கூடாதுன்னு சொல்லலை. மல்லாட்டை புடுங்கினப்புறம் தரிசாக் கெடக்கற சொந்த நெலம் எங்க பக்கம் நெறைய இருக்கு. உடையவரைக் கேளுங்க. ஒரு தொகை பேசிக் குடுத்தா சந்தோஷமா விடுவாங்க, கோடை உழவுல அந்தத் தடமும் போயிடும். கேக்கறப்போ புள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. இந்த எடத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கார், அவர்கிட்ட அப்பா கை கட்டி நின்னு கேட்டார்ங்கறதை அது பார்க்கட்டும்.

எங்க ஏரியைப் பார்க்கணும்னா தாராளமா வாங்க. வண்டியைக் கரைக்குக் கீழ புளியமரத்தடியில விடுங்க. அங்கிருந்து மதகு வரைக்கும் நடந்தா பத்து நிமிஷம்தான். செருப்பு போட்டுக்குங்க, முள்ளு இருக்கு.