பசுமைக்கு மீட்டரே சாட்சி

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில், மேற்குப் பார்த்த கண்ணாடி அலுவலகம் ஒன்றுக்குள் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். வெயில் தாளாமல் திரைச்சீலையை இழுத்துவிட்டிருப்பார்கள். உள்ளே இருட்டு என்று விளக்கு எரியும். சன்னலோரம் உட்கார்ந்தவருக்கு வியர்க்கும், நடுக்கூடத்தில் இருப்பவர் ஏசி குளிருக்குச் சால்வை போர்த்தியிருப்பார். வரவேற்பறைச் சுவரில் பசுமைக் கட்டடச் சான்றிதழ் பளபளக்கும்.

அந்தச் சான்றிதழ் போலி இல்லை, சிக்கலே அதுதான். புதுக் கட்டடங்களுக்கான சான்று பெரும்பாலும் வரைபடத்தையும் கணினிக் கணிப்பையும் பார்த்தே தரப்படுகிறது. சுவர்ப் பரப்பில் கண்ணாடி 40 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மத்திய கட்டட எரிசக்தி விதித்தொகுப்பு. வேறு இடத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதாகக் கணினியில் காட்டிவிட்டால் தாண்டலாம். கட்டுபவர் ஒருவர், மின்கட்டணம் கட்டுபவர் வேறொருவர் என்பதால் அந்தக் கணிப்பு பலித்ததா என்று கேட்க ஆளில்லை.

பசுமை என்ற பெயரில் அரசு தரும் எந்தச் சலுகையும் ஆட்கள் குடியேறி ஓராண்டு கழித்து, மின்சார, தண்ணீர்க் கணக்கைப் பார்த்த பிறகே தரப்பட வேண்டும். ஆண்டுதோறும் அந்தக் கணக்கை வாசலில் எழுதி வைக்கவும் வேண்டும்.

அளந்தால் என்ன தெரியும் என்பதற்கு ஹைதராபாத் இன்ஃபோசிஸ் வளாகமே சான்று. அங்கே ஒரே கட்டடத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான ஏசியும், மறுபாதிக்குக் கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்நீரும் ஓடவிட்டார்கள். தனித்தனியாக அளந்ததில், குழாய் பதித்த பாதி குளிரூட்டலுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவான மின்சாரத்தையே இழுத்தது. எது சிக்கனம் என்ற விவாதம் அத்தோடு முடிந்தது.

வாடகைக்கு வந்தவர் ஏசியைப் பதினெட்டில் வைத்தால் எங்கள் மேல் பழியா என்று கட்டுநர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கட்டடங்களுக்கு மதிப்பெண் தரும் ஆஸ்திரேலியாவின் நேபர்ஸ் முறை இதற்கு விடை வைத்திருக்கிறது: பொதுக் குளிரூட்டல், மின்தூக்கி போன்றவை கட்டட உரிமையாளர் கணக்கு, மேசை விளக்கும் கணினியும் குடியிருப்பவர் கணக்கு. பெரிய அலுவலகத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ அளந்த மதிப்பெண்ணை வெளியிட்டாக வேண்டும் என்று 2010-இலேயே அங்கு சட்டமாக்கிவிட்டார்கள்.

தண்ணீருக்கும் இதே அளவுகோல் வேண்டும். மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. ஆனாலும் 2019 கோடையில் லாரித் தண்ணீர் கிடைக்காமல், வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று இதே சாலை நிறுவனங்கள் ஊழியர்களிடம் சொன்னன. தொட்டி இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. மாதம் எத்தனை லாரி உள்ளே வருகிறது என்று எண்ண வேண்டும்.

ஓராண்டு மின்செலவைச் சதுர மீட்டருக்குக் கணக்கிட்டு அலுவலகங்களுக்கு நட்சத்திரம் தரும் மத்திய அரசுத் திட்டம் 2009 முதலே இருக்கிறது. விரும்பியவர் சேரலாம் என்று விட்டதால் பெரும்பாலோர் விரும்பவில்லை. தமிழக அரசு அதைக் கட்டாயமாக்கட்டும். தனியாரிடம் கேட்கும் முன், தலைமைச் செயலகத்தின் பத்து மாடி நாமக்கல் கவிஞர் மாளிகை வாசலில் முதல் பலகையை மாட்டட்டும்.