விதைக்கிழங்கும் எஞ்சின் ஒயிலும்

மண்ணை இழந்த விவசாயிக்கு மிஞ்சுவது என்ன? 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகள் நுவரெலியா மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளையும் மரக்கறித் தோட்டங்களையும் மூடிவிட்டன. இடம்பெயர்ந்த எமது குடும்பங்களில் சிலருக்கு மிஞ்சியது ஒரு பழைய லொறி மட்டுமே. வேறு சிலர் நகையை விற்றும் லீசிங் எடுத்தும் லொறி ஒன்றைத் தேடிக்கொண்டார்கள். முன்பு தமது கரட்டையும் லீக்ஸையும் ஏற்றியவர்கள் இன்று பிறருடைய மரக்கறியைக் கூலிக்கு ஏற்றுகிறார்கள். அந்த லொறிதான் இப்போது அவர்களுடைய காணி.

காணியைப் பராமரிக்கத் தெரிந்த நாம் இந்தப் புதிய காணியைப் பராமரிக்கிறோமா? டயரைப் பார்க்கிறோம். பிரேக்கைப் பார்க்கிறோம். டீசல் இல்லாமல் வண்டி நகராது என்பதால் அதற்கும் எப்படியோ காசு தேடுகிறோம். எஞ்சின் ஒயில் மாற்றுவதை மட்டும் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று தள்ளிவைக்கிறோம். லீசிங் தவணை தவறினால் கடிதம் வரும். ஒயில் தவறினால் யாரும் கடிதம் அனுப்புவதில்லை. ஒருநாள் றம்பொடை ஏற்றத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிடும், அவ்வளவுதான்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. லொறி மாமாவுடையது, ஓட்டியவர் மருமகன். தினமும் காலையில் "ஒயில் பார்த்தியா தம்பி?" என்று மாமா கேட்பார். "ஒரு போத்தல் ஊத்தினேன் மாமா" என்று பதில் வரும். எட்டு மாதங்களாக ஊற்றினார்களே தவிர, ஒருமுறைகூட மாற்றவில்லை. ஒருநாள் ஏற்றத்தில் ஒயில் லைட் சிவப்பாக எரிந்தது. அடுத்த டவுனில் பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளை ஓட்டிவிட்டார். டவுன் வருவதற்கு முன் எஞ்சின் இறுகிவிட்டது. பழியெல்லாம் பிள்ளையின் தலையில் விழுந்தது; சம்பளமும் நிறுத்தப்பட்டது. ஒயில் மாற்றக் காசு கேட்டு அவர் மூன்று தடவை வாய் திறந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சிவப்பு லைட்டைக் கண்டும் ஓட்டியது அவருடைய பிழைதான். ஆனால் எட்டு மாதத்துப் பிழை யாருடையது?

ஒயில் ஊற்றுவது வேறு, ஒயில் மாற்றுவது வேறு. எஞ்சினுக்குள் உராய்வைக் குறைப்பது, சூட்டை இறக்குவது, டீசல் எரியும்போது உண்டாகும் கரியைத் தன்னுள் பிடித்துவைப்பது ஆகிய மூன்று வேலைகளையும் ஒயில் செய்கிறது. டீசல் எஞ்சினில் புது ஒயிலும் விரைவில் கறுத்துவிடும். அது கெட்டுவிட்டதன் அடையாளமல்ல, கரியைப் பிடிக்கிறது என்பதன் அடையாளம். ஆனால் பிடிக்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை தாண்டிய பிறகு மேலே ஒரு போத்தல் ஊற்றினால் அளவு சரியாகும், அழுக்கு உள்ளேயே இருக்கும். அதனால்தான் முழுவதையும் வடித்து, பில்டரையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள்.

எப்போது மாற்றுவது? பழைய சிறு லொறிகளுக்கு 5,000 கிலோமீற்றர் என்று கராஜ்களில் சொல்வது வழக்கம். இங்கேதான் மலைநாட்டார் ஒன்றை யோசிக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தம்புள்ளையிலிருந்து உரமும் அரிசியும் ஏற்றி வரும் லொறி 1,600 மீற்றருக்கு மேல் ஏறியாக வேண்டும். கினிகத்தேனை வழியாக ஹட்டன் ஏறும் லொறிக்கும் பாடு குறைவல்ல. இரண்டாம், மூன்றாம் கியரில் ஏறும்போது, சமதரையில் ஓடுவதைவிட ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எஞ்சின் பல மடங்கு சுற்றுகிறது, சூடும் கூடுகிறது. மீற்றர் காட்டுவது வண்டி ஓடிய தூரத்தை மட்டுமே. எஞ்சின் உழைத்த உழைப்பை அது காட்டாது. பாரம், ஏற்றம், தூசி உள்ள இடங்களில் ஒயிலை முன்கூட்டியே மாற்றும்படி வாகனக் கைநூல்களே கூறுகின்றன. ஆகவே சமதரைக் கணக்கை மலைக்குக் கொண்டுவருவது எமக்கு நட்டம்.

ஒயில் குறைகிறது என்றால் அது எங்கோ போகிறது. இரவில் எஞ்சினின் கீழே ஒரு காட்போட் துண்டைப் போட்டுவைத்தால் காலையில் சொட்டு விழுந்திருப்பது தெரியும். அது சீல், கஸ்கட், அல்லது வடிக்கும் நட் விட்ட குறை. சில வேளைகளில் சிறு செலவோடு முடியும். சொட்டு இல்லாமலே குறைந்து, புகை நீலமாக வந்தால் ஒயில் உள்ளே எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல், டேர்போ ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒயில் மூடியின் அடியில் பால்போல் கலங்கியிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. குளிரில் குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் சிறிதளவு இப்படி வரலாம். ரேடியேட்டர் தண்ணீரும் கூடவே குறைந்தால் தாமதிக்கக்கூடாது. ஊற்றாமலே ஒயில் அளவு கூடியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், டீசல் கலந்திருக்கக்கூடும். அந்த ஒயில் நீர்த்து, எஞ்சினைக் காக்கும் வலுவை இழந்துவிடும்.

அளவு பார்ப்பதிலும் எமது மலை எம்மை ஏமாற்றும். தோட்டத்து ரோட்டில் சாய்வாக நிறுத்திப் பார்த்தால் கம்பி பொய் சொல்லும். ஸ்டோர் முன்றலோ, பாடசாலை மைதானமோ, சமமான ஓரிடத்தைத் தெரிந்துகொண்டு, தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் அதே இடத்தில் பார்க்க வேண்டும். கம்பியை இழுத்து, துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்ப்பதே சரியான முறை. ஒயில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்கட்டும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் ஒயில் நுரைக்கும், சீல்களும் கசியத் தொடங்கும். ஓடும்போது சிவப்பு லைட் எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். மரக்கறி வாடினால் ஒரு லோட் நட்டம். எஞ்சின் போனால் லொறியே நட்டம்.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022இல் ரூபாய் விழுந்தபோது ஏறிய விலைகளை நாம் மறக்கவில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்தே மீண்டும் திறந்தது என்பதும், பழைய லொறியை எளிதில் மாற்ற முடியாது என்பதும் எமக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறோம். நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்குப் போய்வர ஏறத்தாழ 300 கிலோமீற்றர். 16 பயணத்தில் 5,000 நெருங்கிவிடும். ஏற்றத்தை நினைத்து 12 பயணம் என்று வைத்துக்கொள்வோம். ஒயிலுக்கும் பில்டருக்கும் ஆகும் மொத்தச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பயணக் கூலியிலும் ஒரு பங்கை முதலில் எடுத்துத் தனியே வையுங்கள். அதை வீட்டுப் பெண்கள் வைத்திருப்பது நல்லது. பிள்ளையின் பழைய பாடக் கொப்பி ஒன்றில் திகதி, மீற்றர், ஊற்றிய அளவு ஆகிய மூன்றையும் எழுதி வாருங்கள். ஒயில் குறைவது கூடிக்கொண்டு போகிறதா என்பதை அந்தக் கொப்பியே சொல்லும். அதில் ஓட்டுபவரும் உடைமைக்காரரும் இருவரும் கையெழுத்து வைத்தால், நாளை ஒருவர் மீது மட்டும் பழி விழாது.

வடித்த ஒயிலை ஓடையிலோ பாத்தி ஓரத்திலோ ஊற்றாதீர்கள். காசல்ரீ, மவுசாக்கலை நீர் களனியில் சேர்கிறது. நானுஓயா நீர் மகாவலியில் சேர்கிறது. கீழே அதைக் குடிப்பவர்களும் மனிதர்களே. மூடியுள்ள கானில் சேர்த்து, பாவித்த ஒயிலை எடுக்கும் கராஜில் கொடுங்கள்.

எவ்வளவு பசி வந்தாலும் எமது விவசாயி விதைக்கிழங்கை அவித்துச் சாப்பிடுவதில்லை. அடுத்த போகம் அதில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒயில் காசும் விதைக்கிழங்கைப் போன்றதே. உடைமைக்காரர் அதைத் தொடக்கூடாது, ஓட்டுபவர் அதைக் கேட்கத் தயங்கக்கூடாது. காணியை மலை கொண்டுபோனது. அதை எம்மால் தடுக்க முடியவில்லை. லொறியை இழப்பதும் இழக்காததும் எமது கையில்தான் இருக்கிறது.