ஊருக்காகவா சாப்பிடுகிறோம்?

"ஏனுங்க அக்கா, இன்னிக்கு என்ன சோறு?"

எங்கள் மடத்துக்குளத்தில் குழாயடியிலோ ரேஷன் கடை வரிசையிலோ இரண்டு பெண்கள் சந்தித்துவிட்டால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சாதாரணக் கேள்விதான். ஆனால் பதில் சொல்லும் முன் ஒரு நொடி யோசிக்கிறோமே, கவனித்திருக்கிறீர்களா சகோதரிகளே? பழைய சோறும் ஊறுகாயும் என்று உள்ளதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. இன்னொருத்தி என்ன நினைப்பாளோ என்கிற பயம்!

இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. என் அம்மாயி காலத்தில், ஆற்றுப் பாசனமுள்ள குமரலிங்கம் பக்கம் நெல் விளைந்தாலும், மேட்டாங்காட்டுக் குடும்பங்களுக்குக் கம்மஞ்சோறும் சோளச்சோறும் ராகிக் களியும்தான் அன்றாட ஆகாரம். நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல், இல்லாவிட்டால் விருந்தாளி வந்த நாள். அதனால்தான் களி என்றாலே இல்லாதவர் சாப்பாடு, அரிசிச் சோறு என்றால் கௌரவம் என்று மனசில் பதிந்துவிட்டது. 1957-ல் அமராவதி அணை கட்டி முடித்தார்கள். பிற்பாடு ரேஷனில் அரிசி மலிவாகக் கிடைத்தது. 2011 ஜூனிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எத்தனையோ வீடுகளில் வயிறு நிறைந்தது அதனால்தான். ஆனால் அந்த வேகத்தில் கம்பு குத்திய உலக்கை மூலைக்குப் போய்விட்டது.

ஊரெல்லாம் ஒரு பக்கம் போகும்போது எதிர்ப்பக்கம் நடந்தவர்களும் இருந்தார்கள். தஞ்சாவூரில் பிறந்து வெளிநாடுகளில் படித்த ஜே.சி. குமரப்பா, காந்தியடிகள் 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தில் சேர்ந்து, மில்லில் தீட்டிய வெள்ளை அரிசி வேண்டாம், கைக்குத்தல் அரிசியே நல்லது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 1960-களில் அமெரிக்காவில் 'ஹிப்பி' என்று பெரியவர்கள் முகம் சுளித்த இளைஞர்கள் பலரும் தவிடு நீக்காத அரிசியையும் முழுக்கோதுமை ரொட்டியையும் தேடிப் போனார்கள். நம் காலத்தில் நம்மாழ்வார் ஐயா, 2013-ல் மறையும் வரை பச்சைத் துண்டும் வெண்தாடியுமாக ஊர் ஊராகப் போய் இயற்கை விவசாயத்தையும் பழைய தானியங்களையும் பற்றிப் பேசினார். இவர்களையெல்லாம் 'பிழைக்கத் தெரியாதவர்கள்' என்று சிரித்தவர்கள் உண்டு.

இன்றைக்கோ 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபையே சிறுதானிய ஆண்டாக அறிவித்துக் கொண்டாடியாயிற்று. கம்பும் தினையும் பளபளப்பான பாக்கெட்டில் அரிசியைவிட அதிக விலைக்கு விற்கின்றன. சந்தோஷம்தான். ஆனால் சிரிப்பவர்கள் மட்டும் மாறவில்லை. சிரிக்கும் பக்கத்தை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவே!

எனக்குத் தெரிந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒருத்தி சில வருஷங்களுக்கு முன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேனில் போய் வந்துகொண்டிருந்தவள். மாமியார் ஆசையாகக் களி உருண்டையும் கீரைக் கடைசலும் கொடுத்தனுப்புவார். "டப்பாவைத் தொறந்தாலே சிரிக்கறாங்கக்கா. அதுக்குச் சாப்பிடாமயே இருந்துக்கலாமுங்க" என்று டீயும் பப்ஸுமாக மாசக்கணக்கில் ஓட்டிவிட்டாள். முதல் பிரசவத்துக்குப் பதிவு செய்யப் போனபோது ஹீமோகுளோபின் எட்டு. கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது இருக்க வேண்டும். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையும், வேளாவேளைக்குச் சோறும் சேர்ந்துதான் தேற்றின.

இன்னொருத்தி கைக்குழந்தைக்காரி. குழந்தைக்குப் பருப்பும் நெய்யும் விட்டு அரிசிச் சோற்றைக் குழைத்து ஊட்டினாள். பக்கத்து வீட்டார், "இன்னுமா வெள்ளை அரிசி கொடுக்கறே?" என்று கேட்டுக் கேட்டு, அவள் ராத்திரி தூக்கமில்லாமல் அழுதாள். குழந்தை என்னவோ எடை ஏறி, சிரித்து விளையாடிக்கொண்டுதான் இருந்தது!

இவள் அரிசிக்கு வெட்கப்பட்டாள், அவள் களிக்கு. இருவரையும் வாட்டியது தட்டில் இருந்தது அல்ல, பார்த்தவர் கண்தான். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இந்த நிலையில் கூச்சத்துக்காக ஒரு வேளையை விடலாமா?

ஆகவே, நம் வீட்டு உணவை நம் வீட்டு உடம்பையும் நாக்கையும் பர்ஸையும் வைத்துத் தீர்மானிப்போம். ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் அது மிகவும் சொற்பம். இதற்காக ராகியைச் சேருங்கள், ஊர் சொல்கிறது என்பதற்காக அல்ல. சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில், 'சிறுதானியந்தானே' என்று அளவில்லாமல் கஞ்சி காய்ச்சிக் கொடுக்காதீர்கள். அதிலும் மாவுச்சத்து இருக்கிறது. சிறுதானிய நூடுல்ஸ் வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட்டிருப்பார்கள். முதல் பெயர் மைதா என்றிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று பிள்ளை டிபனைத் திருப்பிக் கொண்டுவந்தால் திட்டாதீர்கள். களியை ராத்திரி வீட்டில் கொடுங்கள். டப்பாவுக்குக் கம்பு தோசை சுட்டுத் தாருங்கள். கம்பு மூன்று பங்கு, இட்லி அரிசி ஒரு பங்கு, உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். கம்பு மட்டும் எட்டு மணி நேரம் ஊறட்டும். எல்லாவற்றையும் அரைத்து, உப்புப் போட்டு ராத்திரி முழுக்கப் புளிக்க வைத்து, காலையில் மெல்லிசாக வாருங்கள். தேங்காய்ச் சட்னியோடு மொறுமொறுவென்று இருக்கும். கூட இருக்கும் பிள்ளைகளே ஒரு துண்டு கேட்பார்கள்.

ஊரோடு ஒத்து வாழத்தான் வேண்டும். நல்லது கெட்டதுக்குப் போய் நிற்கத்தான் வேண்டும். அடுப்பில் என்ன வேக வேண்டும் என்பதை மட்டும் அவரவர் வீட்டுக்கு விட்டுவிடலாமே. அடுத்தவள் களி என்றாலும் அரிசிச் சோறு என்றாலும், "அப்படியா, நல்லா சாப்பிடு கண்ணு" என்று சொல்லப் பழகுவோம்.