திண்ணைத் தீர்ப்புகள்

ஒரே ஒரு ஆட்டக்காரரை ஆட்டத்தில் சேர்க்காமல் விட்டதனால் ஒரு கழகமே பிறந்தது என்றால் நம்புவதற்குச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கும். ஆனால் கல்கத்தாவில் நடந்தது அதுதான். 1920-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், மோகன் பகானுக்கு எதிரான பந்தயத்துக்காக ஜோராபகான் என்ற கழகம் தன் பதினொரு பேரைப் பொறுக்கியபோது சைலேஷ் போஸ் என்பவரை விட்டுவிட்டது. அவரைச் சேர்த்துக்கொள்ளும்படி அக்கழகத்தின் உபதலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி கேட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதால்தான் ஒதுக்குகிறார்கள் என்ற மனத்தாங்கல் ஏற்கனவே புகைந்துகொண்டிருந்தது. சௌதுரி கழகத்தை விட்டே வெளியேறினார். ஆகஸ்டு முதல் தேதி ஈஸ்ட் பெங்கால் கழகம் உதயமாயிற்று.

ஆகவே, யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று கால்பந்து ரசிகர்கள் வாதாடுவதெல்லாம் வெட்டிப் பேச்சு என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு வாதத்திலிருந்து ஒரு நூற்றாண்டுப் போட்டி முளைத்திருக்கிறது. அந்த வாதத்தில் நியாயமும் இருந்தது. நான் சொல்ல வந்தது வேறு. அன்று சௌதுரி சண்டை போட்டது யாரோடு? குழுவைப் பொறுக்கிய நிர்வாகத்தோடு. பந்தைத் தவறவிட்ட ஒரு பையனோடு அல்ல. அவருக்குப் பின் வந்த ரசிகப் பெருமக்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

கல்கத்தா என்று நம் நாவில் பழகிய அந்தக் கொல்கத்தா நகரில், வீட்டு வாசலை ஒட்டியிருக்கும் மேடைக்கு ரோவாக் என்று பெயர். நம் ஊர்த் திண்ணைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மண் கோப்பையில் தேநீரும், மடியில் பத்திரிகையும், வாயில் கால்பந்துமாக அங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் சாமானியர்கள் அல்ல. மோகன் பகான் ஜெயித்தால் இறாலும், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா என்கிற உல்லம் மீனும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். மீன் கடைக்காரன்கூட ஆட்டத்தின் முடிவைப் பார்த்து விலை சொல்வான் என்பார்கள். இத்தனை பிரியத்தோடு ஒரு விளையாட்டை நேசிக்கும் ஊர் இந்தியாவில் வேறு உண்டா என்பது சந்தேகமே. அந்தப் பிரியத்துக்கு நான் தலைவணங்குகிறேன். அந்தத் திண்ணை வழங்கும் தீர்ப்புகளுக்குத்தான் தலைவணங்க முடியவில்லை.

1975-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதிப் பந்தயம். ஈஸ்ட் பெங்கால் ஐந்து கோல், மோகன் பகான் பூஜ்யம். மோகன் பகானின் கோல் கீப்பர் பாஸ்கர் கங்குலி அப்போது இருபது வயதைக்கூட எட்டாத பிள்ளை. நான்கு கோல் விழுந்த பிறகு அவரை வெளியே அழைத்துக்கொண்டு வேறொருவரை நிறுத்தினார்கள். அன்று இரவு ரசிகர்களின் கோபத்துக்குப் பயந்து மோகன் பகான் ஆட்டக்காரர்கள் சிலர் கங்கையில் ஒரு படகில் ஒளிந்திருந்ததாக இன்றும் சொல்கிறார்கள். தோல்வியின் துக்கம் தாளாமல் ஒரு ரசிகர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். ஒரு பந்தயத்தின் முடிவு ஒரு வீட்டில் இழவாக முடிந்தது.

அந்த இரவில் எந்தத் திண்ணையிலாவது பாஸ்கர் கங்குலிக்கு மறுபடியும் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் பாடு என்ன ஆகியிருக்கும்? ஆனால் நடந்தது என்ன? அவர் வலைக்குள் நான்கு கோல் போட்ட அதே ஈஸ்ட் பெங்கால் அடுத்த ஆண்டு அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டது. 1982-இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் குழுவுக்குத் தலைவராக இறங்கியவர் அந்த பாஸ்கர் கங்குலிதான். ஒருபுறம் மொத்தம் ஐந்து வாங்கிய குழுவின் ஆத்திரம். மறுபுறம் ஐந்து போட்ட குழுவின் நிதானம். ஒரே பையனைத்தான் இரு தரப்பும் பார்த்தன. ஒரு தரப்பு அவன் விட்டதை எண்ணியது. மற்றது அவனிடம் இருந்ததைப் பார்த்தது.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒரு பக்கம் சரியாக வரவில்லை என்றால் கிழித்துக் குப்பைக் கூடையில் போடலாம். அது யாருக்கும் தெரியாது. கோல் கீப்பருக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் கிழிக்க வேண்டிய பக்கத்தை ஆயிரக்கணக்கான பேர் முன்கூட்டியே படித்து முடித்துவிடுகிறார்கள். முன்வரிசை ஆட்டக்காரன் ஒன்பது முறை குறி தவறி ஒருமுறை கோல் போட்டால் மாலை விழுகிறது. கோல் கீப்பர் ஒன்பது பந்தைப் பிடித்துப் பத்தாவதை விட்டால் வசவு விழுகிறது. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

சரி, திண்ணையின் ஞாபகசக்தியையாவது நம்பலாமா என்றால் அதுவும் முடியாது. அந்த 1975 பந்தயத்தில் மோகன் பகானுக்கு எதிராக இரண்டு கோல் போட்டவர் ஷ்யாம் தாப்பா. பகான் ரசிகனுக்கு அவர் பெயரைக் கேட்டாலே வயிறு எரிந்திருக்கும். 1977-இல் அதே தாப்பா மோகன் பகான் சட்டையைப் போட்டுக்கொண்டார். அந்த ஆண்டு லீக்கில், நட்சத்திர ஆட்டக்காரர்கள் நிறைந்த மோகன் பகான் குழு ஈஸ்ட் பெங்காலிடம் இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. இந்தக் குழுவைக் கலைத்துவிட வேண்டியதுதான் என்று கூக்குரல் எழுவதற்கு அது போதாதா? செப்டம்பர் 24-ஆம் தேதி பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் குழுவோடு அந்தக் குழுதான் இரண்டுக்கு இரண்டு என்று சமன் செய்தது. அதற்குச் சில நாட்களில் ஷீல்டு இறுதியில் தாப்பா போட்ட ஒரே கோலால் ஈஸ்ட் பெங்காலை வென்றது. ரோவர்ஸ் கோப்பை, டூராண்டு கோப்பை இரண்டும் அந்தப் பருவத்திலேயே வந்து சேர்ந்தன. தாப்பாவின் கால் அதே கால்தான். சட்டையின் நிறம் மாறியது, சாபம் ஆசீர்வாதமாயிற்று. சட்டையைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பை ஆட்டத்தைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு என்று எப்படி ஒப்புக்கொள்வது?

“ரசிகன் மட்டுமா தவறுகிறான்? நிபுணர்களும்தானே தவறுகிறார்கள்?” என்று கேட்பார்கள். தவறுகிறார்கள், மறுக்கவில்லை. 1997-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி சால்ட் லேக் மைதானத்தில் பெடரேஷன் கோப்பை அரை இறுதி. 1,30,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா, வைர வியூகம் என்று ஒன்றை வகுத்து எதிரிகளைத் திணற அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. பந்தயத்துக்கு முன்னால் ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களைக் கேலி செய்து பேசினார். பாய்ச்சுங் பூட்டியாவின் பெயரையே திரித்து நையாண்டி செய்தார். பூட்டியா பதில் பேசவில்லை. மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் நான்குக்கு ஒன்று என்று வென்றது. முதல் நாள்வரை வைரம் என்று கொண்டாடிய திண்ணைக்கு மறுநாள் அது கண்ணாடித் துண்டாகிவிட்டது.

ஆயுள் முழுவதும் கால்பந்தையே படித்த ஒரு மனிதரின் கணக்குக்கே இந்தக் கதி என்றால், அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? “அவரே தவறினார், ஆகவே நானும் இஷ்டப்படி ஏசலாம்” என்பதா? அவரே தவறக்கூடும் என்றால் நாம் இன்னும் எத்தனை ஜாக்கிரதையாகப் பேச வேண்டும் என்பதல்லவா? பயிற்சியாளர் தினமும் காலையில் ஆட்டக்காரனைப் பார்க்கிறார். எவனுக்கு முழங்காலில் வலி, எவன் ஜுரத்திலிருந்து எழுந்து வந்திருக்கிறான், எவன் வீட்டுக் கவலையில் தூங்கவில்லை, எவனும் எவனும் பக்கத்தில் நின்றால் பந்து ஒழுங்காகக் கைமாறாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நமக்குத் தெரிவது மாலை நேரத்து ஒன்றரை மணி. அதுவும் மழைக்காலத்து மைதான் சேற்றில், தூரத்துக் காலரியிலிருந்து. அந்த ஒன்றரை மணியைக் கொண்டு இந்த ஆட்டம் நன்றாயில்லை என்று சொல்லலாம். இந்த மனிதன் உதவமாட்டான் என்று சொல்ல அது போதாது.

“நாங்கள் காசு கொடுத்துப் பார்க்கிறோம், பேச உரிமை உண்டு” என்பது அடுத்த வாதம். உண்டு, ஐயா. சபாவில் டிக்கெட் வாங்கியவருக்குப் பாட்டு சோபிக்கவில்லை என்று சொல்ல உரிமை உண்டு. தொண்டை கட்டிய பாடகரின் வீட்டுக் கூரைமேல் கல் எறிய உரிமை உண்டா? டிக்கெட்டின் விலையில் ஒரு நாற்காலி வருகிறது. மேடையில் இருக்கும் மனிதரின் மானம் அந்த விலையில் சேராது.

கல் என்று நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி இதே இரு குழுக்களின் பந்தயத்தில், கூட்டத்திலிருந்து வந்த கல் மோகன் பகானின் ரஹீம் நபி முகத்தில் பட்டது. அவர் பல ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடியவர். இரு தரப்பும் ஒவ்வொரு காலத்தில் தோளில் தூக்கிய மனிதர். மோகன் பகான் பின்பாதி ஆட்டத்துக்கு இறங்க மறுத்துவிட்டது. அதற்கு முன்னால், 1980 ஆகஸ்டு 16-ஆம் தேதி, ஈடன் தோட்டத்தில் நடந்ததை வங்காளம் இன்னும் மறக்கவில்லை. களத்தில் இரண்டு ஆட்டக்காரர்களுக்கு இடையே எழுந்த மோதல் காலரியில் தீயாகப் பற்றிக்கொண்டது. நெரிசலில் 16 பேர் மாண்டார்கள். ஆட்டம் பார்க்கப் போன 16 பேர். அந்த நாளில் இன்றும் ரத்த தானம் செய்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் அந்தத் தீ அன்று திடீரென்று மூண்டதா? அதற்கு முந்தைய எத்தனையோ மாலைகளில், “அவன் காலை ஒடி”, “இவன் துரோகி” என்று திண்ணைதோறும் சேர்த்து வைத்த சருகு அல்லவா அது?

இதைச் சொன்னால், “திண்ணைப் பேச்சுக்கும் கைகலப்புக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் வாயால் பேசுகிறோம், அவ்வளவுதான்” என்பார்கள். கல்லெறிபவன் சிலரில் ஒருவன்தான், வாஸ்தவம். ஆனால் தான் தனியாக இல்லை என்ற தைரியம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? எதிரே நிற்பவன் மனிதன் அல்ல, துரோகி என்று நூறு வாய் சொல்லக் கேட்ட பிறகுதான் அவன் கை கீழே கிடக்கும் கல்லைத் தேடுகிறது.

இந்தக் கூச்சலினால் உண்மையில் லாபம் அடைகிறவர்கள் யார் தெரியுமா? நிர்வாகிகள். 1970-களிலும் 80-களிலும் ஆட்டக்காரர்கள் கழகம் மாறும் பருவம் வந்தால், கையெழுத்துப் போடும்வரை அவர்களை ஏதோ ஒரு வீட்டில் மறைத்து வைத்துக் காவல் போட்ட கதைகளை அந்த ஊரில் சுவையோடு சொல்வார்கள். வேடிக்கைக் கதைகள்தாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இளம் பிள்ளைகளை எடுத்துப் பத்து வருஷம் வளர்ப்பது கஷ்டம். திண்ணை கேட்கும் பெயரை இந்த வருஷம் விலைக்கு வாங்குவது சுலபம். பெயர் பலிக்காவிட்டால் அடுத்த வருஷம் கைகழுவிவிடலாம். ரசிகர்கள் ஆட்டக்காரனை ஏசிக்கொண்டிருக்கும்வரை, அவனை அழைத்து வந்தது யார், அவனுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்ததா, காயம் ஆறும் முன்பே அவனை இறக்கியது யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. பலியாடு ஒன்று தயாராக இருக்கையில் பூசாரிக்கு என்ன பயம்?

ரசிகனால் வேறு என்னதான் செய்ய முடியும் என்று சோர்ந்து கேட்கிறவர்களுக்கு நான் காட்டும் சாட்சி அதே ஊரில், சமீபத்திலேயே இருக்கிறது. 2020-இல் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவு வேறொரு குழுவோடு இணைக்கப்பட்டு, 1889-இல் பிறந்த கழகத்தின் பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. என்ற மூன்று எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. ரசிகர்கள் பொறுக்கவில்லை. அந்த எழுத்துகளை எடு என்று விடாமல் குரல் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் குழு ஐ.எஸ்.எல். பட்டம் வென்ற இரவில், அந்த முன்னெழுத்துகள் நீக்கப்படும் என்று உரிமையாளரே அறிவித்தார். மூன்று வருஷக் கூக்குரல். ஆனால் அது போக வேண்டிய வாசலுக்குப் போயிற்று. அதனால் பலித்தது. 1920-இல் சௌதுரி தட்டியதும் அந்த வாசலைத்தான்.

ரசிகன் என்ற சொல்லுக்கு ருசி அறிந்தவன் என்று பொருள். ருசி அறிந்தவன் சமையலைக் குறை சொல்வான். உப்பு அதிகம் என்பான். சமையற்காரனை மாற்றலாமா என்றுகூட வீட்டு எஜமானரிடம் யோசனை சொல்வான். சமையற்காரன் முகத்தில் சாம்பாரைக் கொட்ட மாட்டான். திண்ணைகள் இருக்கட்டும், தேநீரும் இருக்கட்டும், இன்னாரை இடதுபக்கம் நிறுத்தியிருக்கலாமே என்ற வாதம் விடியும்வரை நடக்கட்டும். ஆனால் அடுத்த முறை பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் சேற்றில் விழுந்து, பந்து அவனைத் தாண்டி வலைக்குள் போகும்போது, அவன் பெயரைச் சொல்லி ஏசுவதற்கு முன் அவனை அன்று அங்கே நிறுத்தியவர்களின் பெயர் என்ன என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், இருவருமாகப் போய்க் கழகத்தின் வாசலில் கேளுங்கள்.