யானைக் காட்டில் இரவுக் காவலருக்கு எந்தத் தெர்மல் கருவி?

கூடலூரிலோ வால்பாறையிலோ ஓசூரை அடுத்த தளியிலோ யானை ஊருக்குள் இறங்கிவிட்டது என்று இரவில் தகவல் வந்தால், முதலில் இருட்டுக்குள் நடந்து போகிறவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் யானை விரட்டும் குழுவினரும்தான். கையில் டார்ச், பையில் பட்டாசு, இடுப்பில் வாக்கி டாக்கி. இந்தியாவில் ஆண்டுக்கு 500 பேருக்கு மேல் யானை தாக்கி உயிரிழக்கிறார்கள். அந்த ஆபத்தையே அன்றாட வேலையாக ஏற்றுக்கொண்டவர்கள் இவர்கள். உடல் வெப்பத்தைக் கொண்டே இருளில் விலங்கைக் காட்டும் தெர்மல் கருவிகள் இன்று உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டன. தலைக்கவசத்தில் ஒரு கண்ணுக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும் மோனோகுலர்களாகவும் அவை கிடைக்கின்றன. இவற்றை இரவுக் காவலர்களுக்கு வாங்கித் தர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தவறான கருவியை வாங்கிவிட்டால், பணமும் போகும், பாதுகாப்பும் வராது. தலையில் மாட்டும் கருவியை அது எத்தனை தொலைவு காட்டுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நடப்பவரைச் சுற்றியுள்ள 50 மீட்டரை எவ்வளவு அகலமாகவும் தடங்கலின்றியும் காட்டுகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தக் கருவிகள் இயங்கும் விதம் எளிமையானது. எல்லாப் பொருளும் தன் வெப்பத்துக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. அதில் 8 முதல் 14 மைக்ரான் வரையுள்ள அலைநீளத்தை இவை படமாக மாற்றுகின்றன. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால் லென்ஸ் ஜெர்மானியத்தால் செய்யப்படுகிறது. விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். குளிரூட்டத் தேவையில்லாத சென்சாரை அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் 1980-களில் ராணுவ நிதியில் உருவாக்கியது. 1992-ல் அதன் மீதிருந்த ரகசியத் தடை விலகிய பிறகே, தீயணைப்பு, கட்டட ஆய்வு, வனப் பாதுகாப்பு என்று அது பரவியது. ராணுவத்தினர் அணியும் வழக்கமான இரவுப் பார்வைக் கருவி வேறு வகை. அது நட்சத்திர ஒளியையோ நிலவொளியையோ பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. அமாவாசையன்று சோலைக்காட்டுக்குள் பெருக்குவதற்கே ஒளி இருக்காது. தெர்மலுக்கு அந்தக் கவலை இல்லை. துளி வெளிச்சமும் வேண்டாம். புதரோரம் அசையாமல் நிற்கும் யானையை டார்ச் ஒளியில் பாறை என்று நினைத்துக் கடந்துவிடலாம். தெர்மல் திரையில் அதன் உருவம் பின்னணியிலிருந்து விலகித் தெரியும்.

விற்பனையாளர்கள் முதலில் சொல்லும் எண் 'கண்டறியும் தொலைவு'. ஆயிரம் மீட்டர், ஆயிரத்து இருநூறு மீட்டர் என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் பொய்யல்ல. ஆனால் அது சொல்லும் சேதி மிகச் சிறியது. 1958-ல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன் வகுத்த அளவுகோலைத்தான் இத்துறை இன்றும் பின்பற்றுகிறது. அதன்படி ஒரு பொருளின் குறுகிய பக்கம் திரையில் இரண்டு பிக்சல் அளவுக்கு விழுந்தாலே 'கண்டறிந்ததாக' கணக்கு. அங்கே ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரியும். அது மனிதனா, மாடா, வெயிலில் காய்ந்த பாறையா என்று தெரியாது. இன்ன வகை என்று பிரித்தறிய எட்டு பிக்சலாவது வேண்டும். அதாவது அறிவிக்கப்பட்ட தொலைவு கால்பங்காகக் குறைந்த பிறகுதான் பார்த்தது என்ன என்று சொல்ல முடியும். அதுவும் ஐம்பது விழுக்காடு வாய்ப்போடு, ஆய்வகச் சூழலில். இந்த எண்ணை முதல் தகுதியாக வைத்து டெண்டர் எழுதினால், நீண்ட லென்ஸ் கொண்ட கருவியே எப்போதும் வெல்லும்.

அந்த வெற்றிக்கு நடப்பவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இன்றைய சென்சார்களில் ஒரு பிக்சலின் அளவு பெரும்பாலும் 12 மைக்ரான். 640 பிக்சல் அகலமுள்ள சென்சாரின் முன் 25 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்தால் பார்வைப் பரப்பு ஏறக்குறைய 17 டிகிரி. சீனாவின் இன்ஃபிரே நிறுவனத்தின் எம்எச்25 இந்த வகையைச் சேர்ந்தது. அதே சென்சாருக்கு 9 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் பரப்பு 46 டிகிரி ஆகிறது. 20 மீட்டர் தொலைவில் முதலாவது காட்டும் அகலம் 6 மீட்டர்; இரண்டாவது காட்டுவது 17 மீட்டர். தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடக்கிறவருக்கு முதல் கருவி பாதையையும் இரு ஓரத்தையும் காட்டுவதோடு நின்றுவிடும். இரண்டாவது கருவி பக்கவாட்டில் தேயிலைச் செடிகளுக்குள் நிற்பதையும் சேர்த்துக் காட்டும். ஆசிய யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும் என்று அளந்திருக்கிறார்கள். 20 மீட்டரைக் கடக்க அதற்கு மூன்று விநாடி போதும். ஆள் பலியாவது பெரும்பாலும் நேர் எதிரே அரை கிலோமீட்டரில் நின்ற யானையால் அல்ல, பக்கத்தில் நின்றும் கண்ணில் படாத யானையால். 17 டிகிரிக் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு காட்டில் நடப்பது, மூங்கில் குழாய் வழியே பார்த்துக்கொண்டு சந்தைக்குள் நடப்பதைப் போன்றது.

அகலமான லென்ஸால் கூர்மை குறையும் என்பது உண்மை. எவ்வளவு குறைகிறது என்பதுதான் முக்கியம். 9 மில்லிமீட்டர் லென்ஸில் 100 மீட்டர் தொலைவில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 13 சென்டிமீட்டரை அடைக்கிறது. யானையின் உயரத்தை 2 மீட்டர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் அது 15 பிக்சல் உயரத்துக்குத் தெரியும். யானை என்று சொல்ல அது தாராளம். 80 சென்டிமீட்டர் உயரக் கரடியை 75 மீட்டர் வரை பிரித்தறியலாம். நம் காடுகளில் ஆளைக் கொல்லும் விலங்கு பெரிய உருவம் கொண்டது. அதைக் காட்ட நீண்ட லென்ஸின் கூர்மை தேவையே இல்லை. ஃபிளிர் நிறுவனத்தின் பிரீச் என்ற சிறு மோனோகுலரும் 9 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்டதுதான். ஆனால் அதன் சென்சார் 320 பிக்சல் அகலம் என்பதால் பரப்பு 24 டிகிரியில் நின்றுவிடுகிறது. லென்ஸ் அதுவே, கூர்மையும் அதுவே. சென்சார் இரட்டிப்பானதும் அகலம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கூடுதல் பிக்சலுக்குக் கொடுக்கும் பணத்தைத் தொலைவுக்கும் செலவிடலாம், அகலத்துக்கும் செலவிடலாம். தலையில் மாட்டும் கருவியில் அது அகலத்துக்கே போக வேண்டும். நிதி குறைவு என்றால் 256 பிக்சல் சென்சாரும் 4 மில்லிமீட்டர் லென்ஸும் கொண்ட மலிவுக் கருவி 42 டிகிரி காட்டும். அதில் யானையைச் சுமார் 80 மீட்டர் வரை அடையாளம் காணலாம். கரடியை 33 மீட்டரில்தான் காண முடியும். குறை உண்டு. ஆனாலும் நடப்பவருக்கு, விலை கூடிய 17 டிகிரிக் கருவியைவிட இது மேல்.

அகலத்துக்கு அடுத்து நான் கேட்பது தடங்கலின்மை. சில கருவிகள் விநாடிக்கு 9 படத்துக்கும் குறைவாகவே காட்டும். ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் அதற்கு மேற்பட்ட வேகத்தைக் கடுமையாகப் பார்ப்பதால் அப்படிச் செய்கிறார்கள். நின்ற இடத்தில் கையில் பிடித்துப் பார்க்க அது போதும். தலையில் மாட்டிக்கொண்டு ஒரு விநாடியில் 60 டிகிரி திரும்பினால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏழு டிகிரி தாவிவிடும். காட்சி வெட்டி வெட்டி ஓடி, தலை சுற்றும். விநாடிக்கு 50 படம் காட்டும் கருவியில் அந்தத் தாவல் ஒரு டிகிரிதான். படத்தைச் சீராக்கிக்கொள்ள அவ்வப்போது உள்ளே ஒரு ஷட்டர் மூடித் திறக்கும் விஷயமும் இருக்கிறது. 'டிக்' என்று ஒரு சத்தம், அரை விநாடி அளவுக்குத் திரை உறைந்து நிற்கும். மூன்று விநாடியில் முடிவு தெரிந்துவிடும் இடத்தில் அரை விநாடி பெரிது. காது கூர்மையான விலங்கின் அருகே அந்தச் சத்தமும் வேண்டாதது. ஷட்டரைக் கையால் இயக்கும்படி மாற்றிவைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். காட்சி பெரிதாக்கப்படாமல், கண் பார்க்கும் அதே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எட்டடி தூரத்துக் கிளை நாலடியில் இருப்பதாகத் தோன்றிக் கால் தடுமாறும். எடை இன்னொன்று. நெற்றிக்கு முன்னால் தொங்கும் 300 கிராம், கையிலுள்ள 300 கிராமைவிடக் கழுத்துக்குப் பல மடங்கு பாரம். பிரீச் ஏறக்குறைய 210 கிராம்தான்; ஆனால் ஒரு பேட்டரியில் ஒன்றரை மணி நேரமே ஓடும் என்று நிறுவனமே சொல்கிறது. இரவு முழுக்க ரோந்து போகிறவருக்கு, டார்ச்சில் போடும் 18650 போன்ற, உள்ளூர்க் கடையில் கிடைக்கும் பேட்டரியை நின்ற இடத்திலேயே மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும்.

தொலைவிலேயே யானையைக் கண்டுவிட்டால் ஆபத்தே வராதே, அதனால் நீண்ட லென்ஸ்தானே நல்லது என்று கேட்பார்கள். தொலைவுப் பார்வை தேவை. அதை நடப்பவரின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. கோவை நவக்கரை அருகே 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகு, அருகிலுள்ள மதுக்கரைப் பகுதியில் ரயில் பாதையோரம் தெர்மல் கேமராக்களும் சாதாரணக் கேமராக்களும் பொருத்திய 12 கோபுரங்களை 7.24 கோடி ரூபாயில் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. தெர்மல் கேமரா பொருத்திய டிரோன்களும் வனத்துறையிடம் இருக்கின்றன. வால்பாறையில் யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் மக்களுக்கு அறிவிக்கும் முறை பல ஆண்டுகளாக நடக்கிறது. எங்கே யானை என்பதை இவை சொல்லிவிடும். சொன்ன பிறகும் அங்கே ஓர் ஆள் நடந்து போக வேண்டியிருக்கிறது. அந்தக் கடைசி ஐம்பது மீட்டரில் கோபுரமும் டிரோனும் அவருக்குத் துணை வராது. தொலைவு பார்க்க வேண்டுமென்றால் ஒரு குழுவுக்கு ஒன்று என்று நீண்ட லென்ஸ் கருவியைக் கையில் கொடுக்கலாம்.

தெர்மல் எல்லாவற்றையும் காட்டிவிடாது என்ற எதிர்வாதம் இதைவிட வலுவானது. அதை நான் முழுக்க ஏற்கிறேன். முதுமலையிலும் கூடலூரிலும் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடிப் புதரை வெப்பக் கதிர் ஊடுருவாது. இலை இடுக்கில் தெரியும் துண்டுதான் கிடைக்கும். அடர்ந்த மூடுபனியில் தொலைவு சுருங்கிவிடும். மழை விட்ட பின் பாறையும் மரமும் மண்ணும் ஒரே வெப்பத்துக்கு வந்து படம் மங்கும். அந்தி நேரத்தில் பகலெல்லாம் சூடான பாறைகள் விலங்குகளைப் போலவே ஒளிரும். குழி, கம்பி, பாம்பு போன்ற காலடி ஆபத்துகளை இது சரியாகக் காட்டாது. நுண்ணிய வெப்ப வேறுபாட்டைப் பிரிக்கும் திறன், அதாவது 40 மில்லிகெல்வினுக்குக் குறைவான அளவு, நீலகிரி போன்ற ஈரக் காட்டுக்குத் தொலைவு எண்ணைவிட முக்கியமாவது மழைக்குப் பின் படம் இப்படி மங்குவதால்தான். கருவி ஒரு கண்ணை மட்டும் மறைக்க வேண்டும் என்பதற்குக் காலடி ஆபத்துகள் அதில் தெரியாததுதான் காரணம். இருட்டுக்கு முழுதாகப் பழகக் கண்ணுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். திரையைப் பார்க்கும் கண் அந்தப் பழக்கத்தை இழந்துவிடும். மற்றக் கண் அதைக் காத்துக்கொண்டு தரையைப் பார்க்கும். கிளை முறியும் சத்தம், யானையின் வாடை, காற்றின் திசை என்று காவலர்கள் தலைமுறைகளாகக் கற்ற அறிவுக்கு இந்தக் கருவி மாற்றாகாது. திரையில் ஒன்றும் இல்லை என்பதால் புதருக்குள் ஒன்றும் இல்லை என்று நம்பிவிடக் கூடாது என்பதே பயிற்சியின் முதல் பாடமாக வேண்டும்.

வேட்டைக்காரர்கள் கையில் இவை போய்ச் சேரும் என்ற அச்சமும் நியாயமானது. வரிசை எண்ணோடு பதிவு செய்து, ரோந்துக்கு முன் கையெழுத்திட்டு வாங்கி, முடிந்ததும் ஒப்படைக்கும் வழக்கம் துப்பாக்கிக்கு இருப்பதைப் போல இதற்கும் வேண்டும். அந்த அச்சத்துக்காகக் காவலரை இருட்டில் விடுவது சரியல்ல. செலவு பற்றிய கேள்விக்கும் பதில் இருக்கிறது. நல்ல கருவி விலை கூடியதுதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒன்று தேவையில்லை. குழுவில் முன்னால் நடப்பவருக்கு ஒன்றும் பின்னால் வருபவருக்கு ஒன்றும் போதும். பெங்களூரின் டோன்போ இமேஜிங், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்கள் தெர்மல் கருவிகளைத் தயாரிக்கின்றன. அரசு தன் தேவையைத் தெளிவாக எழுதிக் கேட்டால், பழுது பார்க்கும் பொறுப்போடு இங்கிருந்தே பெற முடியும்.

எனவே கொள்முதல் நிபந்தனைகள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பது தெளிவு. பார்வைப் பரப்பு குறைந்தது 40 டிகிரி, பெரிதாக்காத காட்சி, விநாடிக்கு 50 படம், கையால் இயக்கும் ஷட்டர், எளிதில் கிடைக்கும், மாற்றக்கூடிய பேட்டரி, மழையைத் தாங்கும் உடல், தலைப்பட்டையில் பின்பக்க எதிர் எடை. கண்டறியும் தொலைவு இவற்றுக்கெல்லாம் பின்னால் வரட்டும். அலுவலக மேசையில் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதோடு தேர்வு முடியக் கூடாது. போட்டியிடும் கருவிகளை மழை விட்ட ஓர் இரவில் காட்டுப் பாதையில் காவலர்களே அணிந்து நடந்து பார்க்க வேண்டும். அவர்கள் தரும் மதிப்பெண்ணுக்கு விலைப்புள்ளிக்கு நிகரான எடை தரப்பட வேண்டும். காட்டை அறிந்த இந்தக் காவலர்களில் பெரும்பாலோர் பழங்குடியினர், குறைந்த ஊதியத்தில் தற்காலிகப் பணியில் இருப்பவர்கள். அவர்களின் உயிரைக் காக்க வாங்கும் கருவியில் அவர்களின் சொல்லே கடைசிச் சொல்லாக இருப்பதுதான் முறை.