விபத்துக்குப் பிறகா பெயர் தேடுவது?



1958இலும் 1977இலும் இனவன்முறைக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்றும் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் நாட்கூலிகளாகவே இருக்கிறார்கள். காலபோக அறுவடை முடிந்ததும் அவர்களில் பலர் நெற்களஞ்சியங்களிலும் அரிசி ஆலைகளிலும் மூட்டை ஏற்றும் நாட்டாமை வேலைக்குப் போகிறார்கள்.

பெரிய களஞ்சியங்களில் போர்க்லிப்ட் வந்தால் முதுகு தப்பும், நல்லதுதான். ஆனால் அது ஓடும் அதே தளத்தில்தான் ஆட்களும் நடக்கிறார்கள். பின்சக்கரத்தால் திரும்பும் வண்டி அது. வளையும்போது பின்புறம் வெளியே வீசும். முன்னால் மூட்டைகள் உயர்ந்திருந்தால் ஓட்டுபவருக்கு வழி தெரியாது. இரண்டு தொன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே மூன்று தொன்னுக்கு மேல். ஏற்றி முடியுமுன் லொறி நகர்ந்தால் வண்டியும் ஆளும் இடைவெளிக்குள் விழ நேரும்.

தடுக்கும் வழிகள் பெரிய செலவல்ல. நடப்பவர்களுக்குத் தனிப்பாதை, லொறிச் சக்கரத்துக்குக் கட்டை, ஏற்றி முடியும்வரை லொறிச் சாவி களஞ்சியப் பொறுப்பாளர் கையில், பயிற்சி பெற்றவர் மட்டுமே போர்க்லிப்ட் ஓட்டுவது. மூட்டைக் கணக்கில் கூலி என்றால் கட்டை வைக்க நிற்கும் நேரத்துக்குக் காசு இல்லை. எல்லோரும் ஓடுகிறார்கள். யாராவது அடிபட்டால் ‘கவனயீனம்’ என்ற பழியும் அவர் தலையில்தான்.

அடிபட்டவர் யாருடைய தொழிலாளி? களஞ்சியக்காரர் ஒப்பந்தக்காரரைக் காட்டுவார். ஒப்பந்தக்காரர் லொறிக்காரரைக் காட்டுவார். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், முதலாளியின் தொழிலுக்காக வேலை செய்தவரை நாட்கூலி என்பதற்காக மட்டும் ஒதுக்குவதில்லை. உச்ச நட்டஈடு 2022இல் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆனால் அன்று வேலை செய்தார் என்பதற்கே எழுத்துச் சான்று இல்லாவிட்டால், அந்தப் பணத்துக்காகக் குடும்பம் எத்தனை படி ஏறி இறங்க வேண்டும்?

தோட்டத்தில் செக்ரோலில் பெயர் விழாவிட்டால் அந்த நாளே இல்லை என்பது நமக்குத் தெரியும். களஞ்சியத்திலும் அதுவே நமது முதல் கோரிக்கை: தளத்தில் இறங்கும் ஒவ்வொருவரின் பெயரும் காலையிலேயே பதிவேட்டில் ஏற வேண்டும். பாதையும் கட்டையும் பயிற்சியும் அதனோடு சேர்ந்தே வரவேண்டும்.

தனியாளாகக் கேட்டவருக்கு மறுநாள் வேலை இருக்காது. அதனால்தான் சங்கமாகக் கேட்கிறோம்.